பூஞ்சைச் சோதனை அறிக்கையில் "1,200" என்று இருக்கிறதா? பயப்படுமுன் இதைப் படியுங்கள்

அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கிறீர்கள். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். "பூசணம் பிடிச்சிருக்கு, துடைச்சு விடு" என்கிறார் அம்மா. ஆனால் தம்பிக்கு இரண்டு வாரமாக இருமல். சந்தேகம் வந்து, வீட்டுக் காற்றைச் சோதிக்க ஒரு நிறுவனத்தை அழைக்கிறீர்கள்.

சில நாளில் அறிக்கை வருகிறது. வாயில் நுழையாத பெயர்கள், எண்கள், சிவப்பு நிறத்தில் "அதிகம்" என்று ஒரு கட்டம். கூடவே சுத்தம் செய்வதற்கான கட்டண விவரமும்.

பணம் கட்டுமுன், அந்தத் தாள் என்னதான் சொல்கிறது என்று பார்ப்போம்.

பூஞ்சையே இல்லாத வீடு உண்டா?

கிடையாது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்!

அதன் நுண்வித்துகள் எப்போதும் காற்றில் மிதக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் உள்ளே வரும். அதனால் "பூஞ்சை இருக்கிறது" என்ற வரியை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமா? வெளியே இல்லாத வகை உள்ளே இருக்கிறதா? அதற்கு அதே நாளில், வெளிக் காற்றையும் எடுத்துச் சோதித்திருக்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத அறிக்கையை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

எந்தச் சோதனை செய்தார்கள்?

• திறந்து வைக்கும் தட்டு: கடையில் வாங்கி நாமே செய்வது. காற்றிலிருந்து எது விழுந்தாலும் வளரும். எல்லா வீட்டிலும் ஏதாவது முளைக்கும். எவ்வளவு காற்றிலிருந்து வந்தது என்பது தெரியாது.

• ஒட்டுநாடா அல்லது பஞ்சு: சுவரில் இருப்பது பூஞ்சையா, வெறும் அழுக்கா என்று சொல்லும். நீங்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றிச் சொல்லாது.

• காற்று மாதிரி: ஒரு கருவி சில நிமிடம் காற்றை இழுக்கும். அந்தச் சில நிமிடத்தின் நிலவரம்தான் அது. மழை, மின்விசிறி, நீங்கள் அப்போதுதான் போர்வையை உதறியது என எல்லாமே எண்ணை மாற்றும்.

• தூசியில் மரபணுச் சோதனை: 36 வகைப் பூஞ்சைகளைத் தேடி ஒரு மதிப்பெண் தரும். அமெரிக்கச் சுற்றுப்புறப் பாதுகாப்பு அமைப்பு ஆய்வுக்காக உருவாக்கியது. பொதுமக்களின் வழக்கமான பயன்பாட்டுக்கு அதை அந்த அமைப்பே பரிந்துரைப்பதில்லை. ஒப்பீட்டுக்கு வைத்திருப்பதும் அமெரிக்க வீடுகளின் தூசியைத்தான். நம் ஈரக் காற்றுக்கு அது எப்படிப் பொருந்தும்?

1,200 என்றால் அதிகமா?

முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள்.

"ஒரு கனமீட்டருக்கு இத்தனை ஸ்போர்" என்றிருந்தால், நுண்ணோக்கியில் தெரிந்த நுண்வித்துகளின் எண்ணிக்கை. உயிருள்ளது, செத்தது இரண்டும் சேர்ந்தது. "சிஎஃப்யு" என்றிருந்தால், தட்டில் முளைத்து வளர்ந்தவை மட்டும். இரண்டையும் ஒப்பிட முடியாது. 1,200 ஸ்போர் என்ற எண்ணை, சிஎஃப்யு வரம்புக்குப் பக்கத்தில் வைத்து "அதிகம்" என்று எழுதியிருந்தால் அது தவறு.

சரி, வரம்புதான் என்ன? சிங்கப்பூர் 1996இல் அலுவலகங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி 500 சிஎஃப்யு என்றது. மலேசியா 2010இல் வேலையிடங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி 1,000 என்றது. அதாவது 800 என்ற எண் உட்லண்ட்ஸில் தோல்வி, பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவில் தேர்ச்சி! இரண்டுமே வீடுகளுக்காக எழுதப்பட்டவை அல்ல.

உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் இதைப் பற்றி வழிகாட்டி வெளியிட்டது. அதிலும் "இந்த எண்வரை பாதுகாப்பு" என்று வரம்பு எதுவும் இல்லை. ஈரமும் பூஞ்சையும் இருந்தால் சரிசெய்யுங்கள் என்பதே அதன் செய்தி.

பெயர்களைப் பார்த்துப் பயப்படலாமா?

கிளாடோஸ்போரியம் வெளிக் காற்றில் சர்வ சாதாரணம். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் இரண்டின் நுண்வித்துகளும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும். அதனால் பல அறிக்கைகள் அவற்றை ஒன்றாகவே எழுதும். அவை வெளியே குறைவாகவும் உள்ளே மிக அதிகமாகவும் இருந்தால், எங்கோ ஈரம் இருக்கலாம்.

ஸ்டாக்கிபோட்ரிஸ்தான் இணையத்தில் எல்லாரும் பயப்படும் "கறுப்புப் பூஞ்சை". நீண்ட நாள் நனைந்த பலகை, காகிதம் போன்றவற்றில் வளரும். அது இருந்தால் நீர்க்கசிவைத் தேடுங்கள். ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் அது இல்லை.

அப்போ சோதனையே வேண்டாமா?

பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் சோதனை தேவையில்லை என்கிறது அதே அமெரிக்க அமைப்பு. எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்தி, பூஞ்சையை அகற்றுவது.

நாற்றம் வருகிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை; சுத்தம் செய்த பிறகு வேலை முடிந்ததா என்று பார்க்க வேண்டும்; இப்படிப்பட்ட நேரத்தில் சோதனை உதவலாம். அப்போதும் சோதிப்பவரும் சுத்தம் செய்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது என்ன செய்யலாம்?

• ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பக்கத்து அறையில் இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடுகிறதா? குளிர்ந்த சுவரின் மறுபக்கத்தில் ஈரம் படியும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

• கூரையில் கசிவா? வீவக வீடுகளில் அதைக் கண்டறிந்து சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவரின் பொறுப்பு. வீவகவின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதிபெற்றால் செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குக் கால் பங்காகக் கட்டலாம்.

• சுமார் 10 சதுர அடிக்குள் என்றால் நீங்களே துடைக்கலாம். சோப்புத் தண்ணீர், கையுறை, என்95 முகக்கவசம் போதும். பிறகு நன்றாகக் காயவிடுங்கள். பூஞ்சைமீது சாயம் பூசி மறைக்காதீர்கள். பிளீச்சைக் கழிவறை அமிலத்துடனோ அம்மோனியாவுடனோ கலக்கவே கூடாது; நச்சுவாயு வரும்.

• அறையின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழ் வைக்கப் பாருங்கள். ஈரப்பதமானி விலை அதிகமில்லை.

தம்பியின் இருமலுக்கு என்ன காரணம் என்பதை எந்தக் காற்றுச் சோதனையும் சொல்லாது. இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சுவரில் பூஞ்சை இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.