காசை எண்ணுவதற்கு முன் ஜாக்கியை எடுங்கள்



போன வாரம் நான் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்ததைப் பேரன் படம் எடுத்துப் போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து மகள் போனில் திட்டினாள். திருப்பூரில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன், "சார், ரிட்டயர்டு ஆனதும் மெக்கானிக் ஆயிட்டீங்களா?" என்று கேட்டான். ஆகவில்லை. ஆனால் அங்கே படுத்ததால் 45 ஆயிரம் ரூபாய் மிச்சமாயிற்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மகன் சித்தேரி மலையிலிருந்து புளி, சாமை, பலாப்பழம் ஏற்றிவருவதற்காகப் பழைய பிக்கப் ஜீப் ஒன்று வாங்கினான். வாங்கலாமா என்று என்னைக் கேட்டான். சரி என்று சொன்னவன் நான். இஞ்சின் சத்தம் கேட்டோம், பாடியைத் தட்டிப் பார்த்தோம், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் சரிபார்த்தோம். பின்கதவில் 'ஃபோர் பை ஃபோர்' என்று பெரிதாக ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கரை நம்பினோம். கியருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன லீவரைப் போட்டு ஓட்டிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. எஃப்.சி.யில் பிரேக், விளக்கு, ஹாரன், புகை, ஸ்டீயரிங் பார்ப்பார்கள். முன்சக்கரம் இழுக்கிறதா என்று பார்ப்பது வாங்குகிறவன் பாடு.

ஐப்பசி மழையில் அது தெரிந்தது. மலையில் ஒரு மண்பாதை ஏற்றம். லீவரைப் போட்டிருக்கிறான். பின்சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றுகின்றன, முன்சக்கரம் சும்மா நிற்கிறது. வண்டி பின்னோக்கிச் சறுக்கி ஒரு பாறையில் முட்டி நின்றது. பின்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று பிறகு நானும் கடிந்துகொண்டேன். "மழையில நடந்து வராங்க பெரியப்பா, எப்படி உட்டுட்டு வர்றது?" என்றான். கலசப்பாடி, அரசநத்தம் பக்கத்து மக்கள் சாலைக்காக எத்தனை ஆண்டுகள் மனுக் கொடுத்தார்கள், நோயாளிகளைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்தார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனிடம் அதற்கு மேல் நான் பேசவில்லை.

மறுநாள் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். லீவரை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்பர் கேஸ் போச்சு, இறக்கி மாத்தணும், 45 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்கு அடியில் யாரும் குனியக்கூட இல்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைக்கப் போவதாகச் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. விடைத்தாளைப் பிரிக்காமலே 'பெயில்' போடுவது போலல்லவா இது!

இந்த வண்டிகளின் சங்கதி ரொம்ப எளிது. இஞ்சினிலிருந்து வரும் சக்தி கியர் பாக்ஸைத் தாண்டி டிரான்ஸ்பர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து பின்னால் ஒரு ஷாப்ட், முன்னால் ஒரு ஷாப்ட். லீவர் 'டூ'வில் இருந்தால் பின் ஷாப்ட் மட்டும் சுற்றும். 'ஃபோர்' போட்டால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இதோடு முடியவில்லை. பழைய ஜீப்புகள் பலவற்றில் முன்சக்கரத்தின் நடுவே கையால் திருப்புகிற ஒரு குமிழ் உண்டு, லாக்கிங் ஹப் என்பார்கள். இரண்டு பக்கமும் இறங்கி அதையும் 'லாக்'கில் திருப்பினால்தான் சக்கரம் அச்சோடு சேரும். இரண்டாம் உலகப்போர் முடிந்து மீந்த ராணுவ ஜீப்புகளைச் சாதாரணச் சாலையில் ஓட்டினால் முன் அச்சும் ஷாப்டும் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தவிர்க்க 1948-இல் அமெரிக்காவில் வார்ன் என்பவர் இந்த ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அதே வில்லிஸ் ஜீப்பைத்தான் 1947-இல் மஹிந்திரா நம் நாட்டில் பூட்டத் தொடங்கியது. ஆக லீவர், ஷாப்ட், ஹப் என்று மூன்று இடம். எந்த இடத்தில் விட்டுப்போனாலும் முன்சக்கரம் இழுக்காது. மூன்றில் விலை அதிகமானதை மட்டும் சொன்னால் எப்படி?

சனிக்கிழமை காலை நானே சோதித்தேன். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இஞ்சினை அணைத்து, லீவரை 'ஃபோர்', ஹப் இரண்டும் 'லாக்'. ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன். எல்லாம் சரியாகப் பூட்டியிருந்தால் அது சுற்றவே கூடாது. சுற்றியது. இறக்கிவிட்டு அடுத்த பக்கத்தைத் தூக்கினேன். அதுவும் சுற்றியது. சரி, பட்டறைக்காரர் சொன்னதுதான் உண்மை போலிருக்கிறது என்று மனம் உடைந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது வந்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது டிராக்டர் வேலை பார்க்கிறான். "சார், ஷாப்ட்டைப் புடிச்சுப் பாத்தீங்களா?" என்றான். பார்க்கவில்லை. ஜாக்கியிலிருந்து இறக்கி, ஹப் இரண்டையும் 'ஃப்ரீ' ஆக்கி, லீவரை 'டூ'வில் போட்டு, முன் ஷாப்ட்டைக் கையால் சுற்றினான். சுற்றியது. லீவரை 'ஃபோர்' போட்டு வண்டியை ஓர் அடி தள்ளினோம் (பல் சேரவேண்டும் அல்லவா). மறுபடி சுற்றினான். அசையவில்லை. "பெட்டி நல்லாத்தான் இருக்குது சார்" என்றான். அவ்வளவுதான். இரண்டு நிமிடம், கருவி எதுவும் இல்லாமல்.

அப்படியானால் இரண்டு சக்கரமும் ஏன் சுற்றின? ஒரு ஹப் மட்டும் பூட்டாமல் இருந்தாலே இரண்டும் சுற்றும். அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் ஒரு பக்கத்தை முன்னால் சுற்றினால் மறுபக்கத்தைப் பின்னால் சுற்றவிடும். நான் இடது சக்கரத்தைச் சுற்றியபோது, வலது பக்கம் அச்சு மட்டும் உள்ளே வெறுமனே சுற்றியிருக்கிறது. மேட்டில் இஞ்சின் கொடுத்த சக்தி முழுவதும் அந்த வழியாகத்தான் வீணாய்ப் போயிருக்கிறது. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதும் சுலபமே. சக்கரத்தைத் தூக்கி ஹப்பை 'ஃப்ரீ'யில் ஒரு சுற்று, 'லாக்'கில் ஒரு சுற்று. லாக்கில் கை கனக்கும், உள்ளே பல் உருளும் சத்தம் கேட்கும். இடது பக்கம் கேட்டது. வலது பக்கம் இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி. மூடியைக் கழற்றினால் கிரீஸ் காய்ந்து, மண்ணோடு சேர்ந்து கட்டியாகி, நகர வேண்டிய வளையம் ஒட்டிக்கிடந்தது. பல ஆண்டுகளாக யாரும் அதைத் திருப்பியிருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிரீஸ் கொஞ்சமாகத் தடவிப் பூட்டினோம். மறுபடி தூக்கிப் பார்த்தால் சக்கரம் அசையவில்லை. கிரீஸ் டப்பா செலவோடு முடிந்தது.

கதை அதோடு முடியவில்லை. சந்தோஷத்தில் இவன் லீவரை 'ஃபோர்'லேயே வைத்துக்கொண்டு சேலம் புறப்பட்டுவிட்டான். மஞ்சவாடிக் கணவாய் வளைவுகளில் ஸ்டீயரிங் இறுகுகிறது, அடியில் டக் டக்கென்று சத்தம், லீவர் திரும்பி வரமாட்டேன் என்கிறது. போன் வந்தது. "பெரியப்பா, அந்தப் பட்டறைக்காரரு சொன்னதுதான் சரியா இருக்குமோ?"

ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, பத்துப் பதினைந்து அடி மெல்லப் பின்னால் எடுத்து, லீவரை இழுக்கச் சொன்னேன். வந்துவிட்டது.

நம் களத்தில் மாடு கட்டிப் போரடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெளிமாடு அதிக தூரம் நடக்கும், உள்மாடு குறைவாக நடக்கும். வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. 'ஃபோர்' போட்டால் முன்னும் பின்னும் ஒரே கணக்கில்தான் சுற்றியாக வேண்டும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கு ஏறி லீவர் சிக்கிக்கொள்கிறது. இது பழுதே அல்ல. தார் ரோட்டில் அதைப் போடக்கூடாது, அவ்வளவுதான். (நிரந்தரமாக நான்கு சக்கரமும் இழுக்கும் புது கார்களில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியலோ வேறு ஏற்பாடோ இருக்கும். கார் வைத்திருக்கும் மருமகப்பிள்ளைகள் பயப்பட வேண்டாம். சுவிட்ச் வைத்த வண்டிகளில் முதலில் ஃபியூஸையும் ஒயரையும் பாருங்கள். எலி கடித்திருக்கும்.)

ஆனாலும் இறுக்கம் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்ததாகச் சொன்னான். வந்ததும் தையல் டேப்பை எடுத்து டயர்களை அளந்தேன். முன் டயர் சுற்றளவு 221 செ.மீ., பின் டயர் 217. விற்றவர் கண்ணுக்கு முதலில் படுகிற முன்பக்கத்துக்குப் புது டயர் போட்டு, பின்னால் தேய்ந்ததை அப்படியே விட்டிருக்கிறார். ஒரு கிலோமீட்டருக்கு முன்சக்கரம் சுமார் 452 சுற்று, பின்சக்கரம் 460 சுற்று. நேர் ரோட்டிலேயே எட்டுச் சுற்று இடிக்கிறது. பூட்டிய ஷாப்ட் இந்த எட்டை எங்கே கொண்டுபோய் வைக்கும்? டயர் ஆழம் 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு சுமார் 3.8 செ.மீ. குறையும். எந்த அளவு டயரானாலும் இதுதான் கணக்கு. இரண்டு பை ஆர். இதைக் கரும்பலகையில் நூறு தடவை எழுதியிருக்கிறேன். எதற்கென்று கேட்ட பையனை "பரீட்சைக்கு வரும்" என்று உட்காரவைத்ததும் நானேதான்.

வீட்டில் இப்படிப் பார்ப்பது மெக்கானிக் பிழைப்பில் மண் போடுவதாகும் என்று உறவினர் ஒருவர் வருத்தப்பட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. ஹப் மூடியைக் கழற்றியதும் ஒரு மெக்கானிக்தான், அவனுக்குக் கூலி கொடுத்துத்தான் அனுப்பினேன். நல்ல மெக்கானிக்கிடம் "வலது ஹப் லாக் ஆகவில்லை" என்று சொன்னால் அவனுக்கு அரை நாள் மிச்சம். "வண்டி இழுக்கல, சாயங்காலம் ரெடி பண்ணுங்க" என்று சாவியை எறிந்துவிட்டுப் போகிற நாமும்தான் 'கழற்றி மாத்து' வைத்தியத்தை வளர்த்தோம். பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் பார்க்கக்கூடாததும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சட்டத்துக்கு அடியில் கனமான மரக்கட்டை வேண்டும். சக்கரத்தைத் தூக்கி வைத்து இஞ்சினை ஓட்டிக் கியர் போடாதீர்கள், தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டி பாய்ந்துவிடும். சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் ஷாப்ட்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் பிரேக் போட்டிருந்தாலும் உருளும். கல் வைப்பதைச் சோம்பல்படாதீர்கள். மகள் திட்டியதில் நியாயம் இருக்கிறது, அன்று ஒரு பக்கம்தான் கட்டை வைத்திருந்தேன்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். முன் அச்சின் ஆயில் அடைப்பானைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் காற்றுக் குழாய் அடைத்திருக்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலில் உலோகத் தூள் மின்னினால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். இதையெல்லாம் பார்க்கவிடாத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அட்வான்ஸ் கொடுத்த பிறகு எனக்கே வாய் பேச வரவில்லை.

பின்னால் புது டயர் இரண்டு போட்டாயிற்று. சங்கிலி அம்மிணியின் கழுத்திலேயே இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மண்தரையில் ஹப்பைத் திருப்பி, லீவரைப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். நேற்று சித்தேரி போய் வந்தான், அதே ஏற்றத்தில். இடது முன் அச்சில் ஆயில் லேசாகக் கசிகிறது, அது அடுத்த வேலை.

பழைய ஜீப் பேசி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள், பார்ப்போம். வரும்போது மரக்கட்டை இரண்டு கொண்டுவரவும். என்னிடம் இருந்த ஒன்றை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார்கள்.