மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

முதியோர் இல்லம் என்றதும் பெற்றோரைக் கொண்டுவந்து விட்ட மகனைத் திட்டுகிறோம். இல்லத்தை நடத்துகிறவரைப் புகழ்கிறோம். இருவருக்கும் நடுவில் நிற்பவரை யாரும் நினைப்பதில்லை. அவர்தான் மேற்பார்வை செய்யும் அம்மாள்.

சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்கும். அதிகாரமோ அவர் கையில் இராது! ஆயாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது அவர். மாத்திரை கொடுத்தாயிற்றா, சோறு குழைய வெந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவரே. ஆனால், கூடுதலாக ஓர் ஆயாவை அமர்த்த அவரால் முடியாது.

இரவுக் கணக்கு

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும்.

அப்படி 10 பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புரட்டி, துடைத்து, துணி மாற்ற ஆளுக்கு 10 நிமிடம். மொத்தம் 100 நிமிடம். மிச்சம் 20 நிமிடம்தான்! அந்த நேரத்தில் ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தால்? இருக்கும் ஒரே ஆயாவும் அன்று வராவிட்டால்? அம்மாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

விடிந்ததும் கேள்விகள் வரும். "அம்மாவுக்கு எப்படிப் புண் வந்தது?" என்று மகன் கேட்பார். "செலவு ஏன் ஏறுகிறது?" என்று நிர்வாகி கேட்பார். ஆயாவைக் கண்டித்தால், "என் கணக்கைத் தீர்த்துவிடுங்கள்" என்பார். கண்டிக்காவிட்டால் பாட்டியின் புண் ஆறாது.

கை வேண்டுமே!

வசதியற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லத்தை, மாவட்டத்துக்கு ஒன்றாவது அரசு அமைக்கலாம் என்று 2007-ம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நல்லதுதான். ஆனால், கட்டடம் யாரையும் புரட்டிப் படுக்க வைக்காது. அதற்குக் கை வேண்டும்!

"ஆள் போதவில்லை" என்று மேற்பார்வை அம்மாள் எழுதிக் கொடுத்தால், ஆள் வரும்வரை புதிதாக ஒருவரையும் சேர்க்கக் கூடாது. இந்த ஓர் உரிமையை அவருக்குக் கொடுக்க வேண்டும். பொறுப்பு இருக்கும் இடத்தில் உரிமையும் இருப்பதுதானே நியாயம்?

பெற்றோரைச் சேர்க்கப் போகிறவர்களும் தோட்டத்தையும் வர்ணம் பூசிய சுவரையும் பார்த்து மயங்க வேண்டாம். "இரவில் எத்தனை ஆயாக்கள்?" என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்வி பெற்றோரையும் காக்கும். அந்த அம்மாளையும் காக்கும்.