தங்கம் போயிற்று, மண்மேடு யாருடையது?

அட்சய திருதியை என்று ஒரு நாள் வருஷந்தோறும் வருகின்றது. அன்றைக்கு நம் புதுவை நேரு வீதியிலுள்ள நகைக்கடை வாசல்களில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் நின்று, ஒரு குண்டுமணி எடையாவது தங்கம் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்கள். கையில் காசில்லாதவர்கள் கடன் வாங்கியாவது வாங்குகிறார்கள். ஏனென்று கேட்டால், அன்று வாங்கின பொன் குறையாமல் வளரும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். அப்படி வளர்ந்த வீடு எது என்று இதுவரை ஒருவரும் நமக்குக் காட்டினதில்லை. கடைக்காரர் வீடு வளர்ந்ததை மாத்திரம் நாம் பார்த்திருக்கின்றோம்.

நிற்க, தங்கத்தினால் மெய்யாகவே வளர்ந்த வஸ்து ஒன்று உண்டு. அது கோலார் தங்கவயலில் குன்று குன்றாய் நிற்கின்ற சயனைடு மேடு. அதைப்பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம். புதுவைக்கும் தங்கவயலுக்கும் என்ன சம்பந்தம் என்று முத்தியால்பேட்டைத் தோழர் ஒருவர் போன வாரம் நம்மைக் கேட்டார். அவர் விரலில் மோதிரம் இருந்தது. வேறு பதில் வேண்டியதில்லை என்று விட்டுவிட்டோம்.

தங்கவயல் அன்றைய மைசூர் சமஸ்தானத்தில், இன்றைய கர்நாடகத்தில் இருக்கின்றது. 1880ஆம் வருஷம் முதல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே வேலை நடத்தினார்கள். குழிக்குள் இறங்கினவர்கள் யார்? வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிடத் தோழர்கள். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளத் தகாதவன், கோயில் வாசலை மிதிக்கத் தகாதவன் என்று விலக்கப்பட்டவன், பூமிக்குள் இரண்டு மைல் ஆழம் இறங்குவதற்கு மாத்திரம் எப்படியோ தகுந்தவனாகிவிட்டான்! சாஸ்திரம் எழுதினவர்களின் வாரிசுகள் ஒருவரும் அந்த இடத்துக்குப் போட்டிக்கு வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. அந்தக் குழி அவர்களுக்குக் கேடு மாத்திரம் செய்யவில்லை. கிராமத்து மிராசுதாரன் களத்துமேட்டில் அளந்துபோட்ட படிநெல்லுக்குப் பதிலாகக் கையில் ரொக்கக் கூலி கிடைத்தது. ரொக்கம் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை உண்டாயிற்று. தங்கவயலில் அச்சுக்கூடமும் புத்தகசாலையும் பள்ளியும் எழுந்தன. ஜாதி ஒழிய வேண்டும் என்று நாம் இன்று பேசுவதில் எவ்வளவோ சங்கதிகளைத் தங்கவயல் தொழிலாளர் நமக்கு முன்னாலேயே பேசியிருக்கிறார்கள். 1930இல் ஒவ்வொருவனும் கைரேகை பதிய வேண்டுமென்று கம்பெனியார் உத்தரவு போட்டபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். சுயமரியாதை என்றால் வேறென்ன?

வேலையின் கதை வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் போனது. அடியிலே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலேயுள்ள பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். எப்போது வெடிக்கும் என்று எந்த ஜோதிடனும் சொன்னதில்லை. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து 1902இல் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே அதற்குப் பிறகுதான் விளக்கு வந்தது. தங்கம் என்றால் மின்சாரம் நூறு மைல் ஓடிவரும். தொழிலாளி குடிசைக்கு அது வருவதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதைத் தங்கவயல் கிழவர்களைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் மேலானது தூசி. பாறையைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத கல்தூள் கிளம்புகிறது. அதில் மணற்சத்து இருக்கிறது. அது சுவாசத்தோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிட்டால் கரைவதுமில்லை, வெளியே வருவதுமில்லை. தங்கின இடத்தில் தழும்பு உண்டாகி, நுரையீரல் நாளாவட்டத்தில் இறுகிப் போகும். சிலிகோசிஸ் என்று வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை கிடையாது. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் இந்த வியாதி இருந்தது. வாசகர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர் குழிக்குப் போனால், ஏறத்தாழ ஒருவனுக்கு நோய் என்று அர்த்தம். வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகும் இந்த வியாதி முற்றிக்கொண்டே போகும். ஊரில் அதைக் காசம் என்றார்கள், செய்வினை என்றார்கள், மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். கம்பெனிக்கு இதைவிட வசதியான தெய்வம் ஏது? நஷ்டஈடு கேட்க வேண்டியவன் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டுப் படுத்துக்கொண்டான்.

1956இல் சுரங்கம் மைசூர் சர்க்கார் கைக்கு வந்தது, பிறகு மத்திய சர்க்காருக்குப் போயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஆக 120 வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் போயிற்று. மிச்சம் என்ன? தினந்தோறும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிவேலைக்குப் போய் இரவில் திரும்புகிற பிள்ளைகள் மிச்சம். நாம் புதுவையில் இதை அறியாதவர்களல்ல. 1936 ஜூலை 30ஆம் தேதி 12 தொழிலாளரைச் சுட்டுக் கொன்ற இந்த ஊரில், அந்த ரத்தத்தினால் எட்டுமணி வேலை வந்த இந்த ஊரில், ரோடியர் மில் 2020இல் மூடப்பட்டதைக் கண்ணால் கண்டோம். ஆனால் மில் மூடினால் பூட்டுத்தான் தொங்கும். சுரங்கம் மூடினால் மேடு நிற்கும்.

அந்த மேடு எப்படி உண்டாயிற்றென்றால், பாறையை மாவாய் அரைத்துச் சயனைடு கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிப்பார்கள். ஒரு டன் பாறைக்குத் தங்கம் சில கிராம்தான். பாக்கி மாவெல்லாம் வெளியே கொட்டப்பட்டது. அப்படிக் கொட்டினது 13 மேடுகளில் 3 கோடியே 30 லட்சம் டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சயனைடு என்றவுடன் பயப்பட வேண்டாம். அது வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துபோகும். பயப்பட வேண்டியது அந்த மாவைத்தான். காற்றடித்தால் அது வீட்டுக்குள் வருகிறது, சோற்றுப் பானையில் விழுகிறது, குழியையே பார்த்திராத குழந்தையின் மூக்கில் ஏறுகிறது. மழை பெய்தால் ஏரிக்கும் கழனிக்கும் வழிந்து ஓடுகிறது.

சுரங்கம் உள்ள இடமெல்லாம் இப்படித்தான், இது அந்த ஜனங்களின் தலைவிதி என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் வடக்கே, பனி உறைந்த தேசங்களைப் பார்க்கட்டும். கனடா தேசத்தின் வடகோடியில் யெல்லோநைஃப் என்ற ஊரில் ஜெயன்ட் சுரங்கம் என்று ஒரு தங்கச் சுரங்கம் 1948இல் தொடங்கி 2004இல் நின்றது. அங்கே தங்கம் ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்த கல்லோடு ஒட்டியிருந்ததால், கல்லைச் சுட்டுப் பிரித்தார்கள். புகையாய்ப் போன பாஷாணம் பனியில் இறங்கிற்று. அந்த மண்ணின் பூர்வகுடிகளான டெனே மக்கள் பனியை உருக்கிக் குடிக்கிறவர்கள். 1951இல் ஒரு பச்சைக் குழந்தை அந்த நீரால் செத்தது. கொடுத்த ஈடு 750 டாலர். அங்கேயும் முதலில் விஷம் குடித்தவன் தாழ்த்தப்பட்டவன்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரன் தேசத்தில் எல்லாம் நியாயமாய் நடக்கின்றதென்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். பிறகு பிடித்துவைத்த பாஷாணத் தூள் 2,37,000 டன் பூமிக்குள் அறைகளில் அடைந்து கிடக்கிறது. எடுத்த தங்கம் ஒரு டன்னுக்கு விஷம் ஆயிரம் டன் என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனி 1999இல் திவாலாகிப் போய்விட்டது. டெனே மக்கள் விதி என்று சும்மா இருக்கவில்லை. வருஷக்கணக்காய் விசாரணை கேட்டார்கள், மன்னிப்பும் ஈடும் கேட்டார்கள். இன்று அந்த சர்க்கார், குளிர்காலத்துக் குளிரையே குழாய்களின் வழியாய் பூமிக்குள் இழுத்து அந்தத் தூளை உறையவைத்து, அது நீரில் கலவாதபடி காவல் காக்கிற வேலையை நடத்திவருகிறது. முழு வேலைக்கும் 438 கோடி டாலர் ஆகுமென்று 2022இல் மதிப்புச் சொல்லியிருக்கிறார்கள். குளிர் தேசத்தானுக்குத் தலையெழுத்து வேறு மசியிலா எழுதப்பட்டது?

இன்னொரு வேடிக்கை. ஸ்வீடன் தேசத்தில் கிருனா என்ற ஊரில் இரும்புச் சுரங்கம் தோண்டித் தோண்டி ஊருக்கடியில் நிலம் விரிசல்விட, ஊரையே பெயர்க்க வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் 600 டன்னுக்கு மேற்பட்ட மரத்தாலான மாதாகோயிலைச் சக்கரவண்டியில் ஏற்றி 5 கிலோமீட்டர் தூரம் நகர்த்தினார்கள். பூமி பிளக்கிறது என்று கடவுள் தாமாக இடம் மாறவில்லை. இஞ்சினீயர் வந்துதான் அவரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சுரங்கக்காரன் செலவிலே கடவுளுக்கு வேறு வீடு கிடைக்கும்போது, மனிதனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2024 ஜூன் மாதத்தில், தங்கவயலின் 13 மேடுகளை, 1,003 ஏக்கர் நிலத்தில், மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கவேண்டுமென்ற மத்திய சர்க்காரின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்துக்குச் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்! காற்றில் பறக்கும் தூசிக்குச் சொந்தக்காரர் யாரென்று கேட்டால்தான் இவரைக் காட்டு, அவரைக் காட்டு என்கிறார்கள். மேட்டைக் கிளறினால் தூசி இன்னும் பலமடங்கு கிளம்பும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்ததே.

தங்கம் எடுக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மண்வெட்டி படுவதற்கு முன்னால், தங்கவயலில் வேலைசெய்த ஒவ்வொருவருக்கும், மேட்டோரத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டாருக்கும் சர்க்கார் செலவில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கட்டும். நோய் இருப்பவர்களுக்கு ஈடு கொடுக்கட்டும். சிலிகோசிஸ் தொழிலால் வரும் வியாதி என்று சட்டத்திலேயே இருக்கிறது, இது ஒன்றும் பிச்சையல்ல. எடுக்கும்போது நனைத்து எடுக்கட்டும், எடுத்த பிறகு நல்ல மண் போட்டு மூடட்டும், அந்த வேலையை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுக்கட்டும்.

புதுவையிலும் விழுப்புரம், கடலூர்ப் பக்கங்களிலும் தங்கவயலில் பாட்டனையோ மாமனையோ வைத்திருந்த குடும்பங்கள் இருக்கக்கூடும். குழிவேலை செய்துவந்த பெரியவர் எவராவது வீட்டில் இருமிக்கொண்டிருந்தால், மந்திரிப்பதை விட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், எத்தனை வருஷம் எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காசம் என்றே எழுதிவிடுவார்கள். பழைய வேலைச்சீட்டோ சம்பளச்சீட்டோ பெட்டியடியில் கிடந்தால் எறிந்துவிடாமல் பத்திரமாய் வைத்துக்கொள்ளுங்கள்.