காசு கொடுத்தவனுக்குக் கறுப்புத் திரை

போகியன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். தில்லிக் குளிருக்கு ஆளுக்கொரு ரஜாய். நடுநாயகமாக என் தாயார். வயது 84. கண் பார்வை மங்கி வருவதால், பெரிய திரையாக இருந்தால்தான் நடிப்பவர் முகம் தெரிகிறது என்பார். அவருக்காகவே ஒரு தமிழ்ப் படத்தின் ப்ளூ-ரே டிஸ்க்கை, ரசீதோடு, அசலாக வாங்கி வைத்திருந்தேன்.

டி.வி.க்கு அடியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் டிஸ்க் போடும் பெட்டி. ஓசைக்கு 2010இல் வாங்கிய ஆம்ப்ளிஃபயர். தீபாவளிக்கு வாங்கிய புது டி.வி. மூன்றையும் எச்.டி.எம்.ஐ. கேபிள்களால் கோத்திருந்தேன். முதலில் மகனின் கல்யாண வீடியோவைப் போட்டேன். பளிச்சென்று வந்தது. பிறகு டிஸ்க்கைப் போட்டேன். திரை ஒருமுறை மினுக்கியது. அப்புறம் ஒரே கறுப்பு. சற்று நேரம் கழித்து, இணைத்திருக்கும் திரைக்குப் பாதுகாப்பு இல்லை, ஆகவே படம் காட்ட இயலாது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். பலனில்லை.

அப்போது என் மைத்துனர், "அத்திம்பேர், இதே படம் என் பென் டிரைவில் இருக்கு" என்றார். எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செருகிய மறு நிமிஷம், அதே கம்ப்யூட்டரில், அதே டி.வி.யில், படம் ஓடியது. அம்மா சந்தோஷமாகப் பார்த்தார். பத்து வயதுப் பேரன் மட்டும் என் பக்கம் திரும்பி, "அப்போ நீங்க ஏன் தாத்தா காசு கொடுத்து வாங்கினீங்க?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் முதல் வரையறை வெளியானது. படமும் ஓசையும் ஒரே கம்பியில் செல்லும் வசதி அது. அந்தக் கம்பிக்குள் ஒரு பூட்டும் இருக்கிறது. அதன் பெயர் எச்.டி.சி.பி. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் உருவாக்கி, 2000இல் முதல் பதிப்பை வெளியிட்டது. கம்பியின் நடுவில் ஒருவர் பதிவுக் கருவியை வைத்துப் படத்தை நகலெடுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

நம் குடியிருப்பு வாசலில் நிற்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் படத்தை அனுப்புமுன், வரிசையில் உள்ள ஒவ்வொரு கருவியிடமும் அடையாள அட்டை கேட்கிறது. பழைய பதிப்பில் ஒவ்வொரு கருவிக்குள்ளும் 40 ரகசியச் சாவிகள் பொதிந்திருக்கும். இரு தரப்பும் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போனால் கதவு திறக்கும். நடுவில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அது தன்னையும் நிரூபித்து, தனக்குப் பின்னால் இருக்கும் டி.வி.க்கும் சாட்சி சொல்ல வேண்டும். வரிசையில் ஒருவர் தடுமாறினாலும் குடும்பமே வாசலில் நிற்க வேண்டியதுதான். என் வீட்டில் தடுமாறியது அந்த 2010 ஆம்ப்ளிஃபயர். புது டி.வி.யோடு அதற்கு மொழி ஒத்துப்போகவில்லை. 4கே படங்களுக்காக 2013இல் எச்.டி.சி.பி. 2.2 பதிப்பு வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ ஆம்ப்ளிஃபயர்கள் இப்படித்தான் ஒரே நாளில் அந்நியர்களாகிவிட்டன.

கல்யாண வீடியோவுக்குப் பூட்டு இல்லை, அதனால் வந்தது. பென் டிரைவில் இருந்த திருட்டு நகலுக்கும் பூட்டு இல்லை, அதுவும் வந்தது. முறையாக வாங்கிய டிஸ்க்குக்கு மட்டுமே பூட்டு. ஆக, காவலாளி நிறுத்திவைத்தது ரசீது வைத்திருந்தவனை மட்டுமே!

திருடனையாவது இந்தப் பூட்டு தடுக்கிறதா? 2010 செப்டம்பரில் பழைய எச்.டி.சி.பி.யின் தலைமைச் சாவியே வெளியில் கசிந்தது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இதற்கு முன்பும், 1999இல், டி.வி.டி.யின் பூட்டு நார்வேயைச் சேர்ந்த ஓர் இளைஞரின் பெயரோடு சேர்ந்து உடைந்தது. தாம் வாங்கிய டிஸ்க்கைத் தம் கம்ப்யூட்டரில் பார்ப்பது குற்றமாகாது என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் 2003இல் அவரை விடுதலை செய்தன. உடைக்கத் தெரிந்தவன் ஒருமுறை உடைத்தால் போதும், நகல் ஊர் முழுக்கப் போய்விடும். பூட்டோடு மல்லுக்கட்டுவது உடைக்கத் தெரியாத நம்மைப் போன்றவர்கள்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2008இல் வந்த ஆப்பிள் மேக்புக் கணினிகள், அதே நிறுவனத்திடம் விலை கொடுத்து வாங்கிய படங்களையே, எச்.டி.சி.பி. இல்லாத வெளித்திரைகளில் காட்ட மறுத்தன. 2016இல் வந்த அல்ட்ரா எச்.டி. ப்ளூ-ரே டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் பார்க்க, இன்டெல் சில்லுக்குள் எஸ்.ஜி.எக்ஸ். என்ற ஒரு பகுதி தேவைப்பட்டது. 11ஆம் தலைமுறை கோர் சில்லுகளிலிருந்து அந்தப் பகுதியையே அவர்கள் எடுத்துவிட்டார்கள். ஆகவே புதிய கம்ப்யூட்டர் வாங்கியவருக்குப் பழைய கம்ப்யூட்டரில் ஓடிய டிஸ்க் ஓடாமல் போயிற்று.

நாம் ஒன்றும் உத்தமர்கள் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் தில்லிக்கு வந்தது 1984இல். ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். நம் மொழியின் முறை எப்போது வரும் என்று காத்திருப்போம். பிறகு வாடகைக் கேசட்டுகள். எத்தனை கை மாறி, எத்தனை முறை நகலெடுத்து வந்தன என்று யார் கேட்டோம்? தமிழ்க் குரல் காதில் விழுந்தால் போதும் என்றிருந்த காலம். இன்று அந்தச் சாக்கு இல்லை. படம் எடுத்தவர், பாட்டு எழுதியவர், ஒளி அமைத்தவர் எல்லோரும் பிழைக்க வேண்டும் என்றால் நாம் காசு கொடுக்கத்தான் வேண்டும். பேரனுக்கு நான் சொன்ன பதிலும் அதுவே. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் பாதிதான் நம்பினான் என்று தோன்றியது. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் விற்கிறவர்கள்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் நியாயமாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதே பிரிவு, சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்கு இது குறுக்கே நிற்காது என்றும் சொல்கிறது. அதாவது சட்டம் எண்ணத்தைப் பார்க்கிறது. பூட்டு எண்ணத்தைப் பார்ப்பதில்லை. அட்டையை மட்டுமே பார்க்கிறது.

பூட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சாவி வாங்கியவனுக்குப் பூட்டு திறக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரத்தையும் விலையையும் பற்றித் தெரிந்துகொள்வதை நம் உரிமை என்கிறது. அந்த உரிமையின்படி மூன்று கோரிக்கைகள். டி.வி., ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் எதுவானாலும், எந்தத் துளையில் எந்தப் பதிப்பு எச்.டி.சி.பி. உள்ளது என்பதைப் பெட்டியின் மேல் படிக்கும்படியான எழுத்தில் அச்சிட வேண்டும். படம் வராவிட்டால், வரிசையில் எந்தக் கருவி மறுக்கிறது என்பதைப் பெயர் சொல்லித் திரையில் காட்ட வேண்டும். முறையாக வாங்கிய டிஸ்க்கோ கட்டணப் படமோ முறையாக வாங்கிய கருவியில் ஓடாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மிக்ஸி ஓடாவிட்டால் மாற்றித் தருகிறார்கள். படத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு மூன்று கேபிள்கள் மாற்றிப் பார்த்தேன், மூன்றும் வீண். எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். கல்யாண வீடியோ வந்து, விலைக்கு வாங்கிய படம் மட்டும் வராவிட்டால், கோளாறு பெரும்பாலும் கேபிளில் இல்லை. நடுவில் உள்ள ஆம்ப்ளிஃபயரையோ, இரண்டு டி.வி.க்குப் பிரித்துத் தரும் பெட்டியையோ விலக்கி, கம்ப்யூட்டரை நேராக டி.வி.யில் இணையுங்கள். ஓசையை டி.வி.யிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குத் திருப்பிவிடலாம். சில டி.வி.களில் எல்லா எச்.டி.எம்.ஐ. துளைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாற்றிச் செருகிப் பாருங்கள். டி.வி.யை முதலில் போட்டு, கம்ப்யூட்டரைக் கடைசியில் போடுங்கள். பழைய வி.ஜி.ஏ. இணைப்பில் இந்தப் பூட்டுக்கு இடமே இல்லை. அதில் பூட்டுள்ள படத்தை எதிர்பார்க்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக ஒன்று வாங்குமுன் வீட்டில் உள்ள பழையதன் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இவ்வளவும் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. அடுத்த ஞாயிறு அதே டிஸ்க்கைப் போட்டேன். படம் வந்தது. பென் டிரைவில் பார்த்த படம்தானே என்று அம்மா சொல்லவில்லை. முதலிலிருந்து மறுபடி பார்த்தார். பேரன் டிஸ்க்கின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அச்சாகியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

நம் அங்கத்தினர் வீடுகளில் இப்படிக் கறுப்புத் திரை கண்டவர்கள் இன்னும் இருப்பார்கள். உங்கள் அனுபவத்தை ஆசிரியருக்கு எழுதுங்கள். பத்துக் கடிதம் சேர்ந்தால் கேட்க வேண்டியவர்களிடம் சங்கத்தின் பெயரால் கேட்கலாம்.