வெளிநாட்டுப் பயணத்தில் தொலைபேசிச் செலவும் கொள்முதல் செலவே

கொள்முதலுக்காக வெளிநாடு செல்லும் எமது வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகத் தெரியும். விமான டிக்கட், விசா, ஹோட்டல், சாப்பாடு, ஏஜன்ட் கொமிஷன், கப்பல் கூலி, சுங்கத் தீர்வை என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். தொலைபேசிக்கு மட்டும் வரி இருக்காது. அது ஏதோ வீண் செலவு, கூடுமானவரை தவிர்க்க வேண்டியது என்பதே எம்மில் அநேகரின் எண்ணம். கட்டுநாயக்கவில் விமானம் ஏறியதும் இலங்கை சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைத்துவிடுவதை ஒரு கெட்டித்தனமாகவே நாம் பேசிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கெட்டித்தனம் எனக்கு என்ன விலைக்கு வந்தது என்பதை இந்த வாரம் சொல்கிறேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. இன்னொரு சகோதரரின் முதலாவது தப்பினால் போதும்.

2019 ஒக்டோபரில் சீனாவின் யீவு நகரத்துக்குப் போயிருந்தேன். பென்சில் பெட்டி முதல் பிளாஸ்டிக் பூ வரை சில்லறைச் சாமான் வாங்கும் எமது வியாபாரிகளுக்கு யீவு புதிய இடமல்ல. விமான நிலையத்தில் இறங்கியதும் வழக்கம் போல இலங்கை சிம்மைக் கழற்றி, சீன சிம் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். சீனாவில் 2017 முதல் வட்ஸ்அப் தடுக்கப்பட்டிருக்கிறது. கூகுளும் ஜீமெயிலும் பேஸ்புக்கும் அதற்கு முன்பே தடுக்கப்பட்டவை. இது எனக்குத் தெரியாததல்ல. "பத்து நாள்தானே, இரவில் ஹோட்டலிலிருந்து ஒரு கோல் எடுத்தால் போதும்" என்று நினைத்தேன்.

அதற்கு முந்திய பயணத்தில் கொடுத்திருந்த ஓர்டர் ஒன்று அந்த நாட்களில் கப்பல் ஏறத் தயாராக இருந்தது. முற்பணம் முப்பது வீதம் கொடுத்தாயிற்று. மீதி எழுபது வீதத்தை, கப்பல் பத்திரத்தின் பிரதி வந்ததும் டி.டி. மூலம் அனுப்புவது என்பதே எமது பேச்சு. நான்காம் நாள் புறக்கோட்டையில் எனது கடைக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. விற்பனையாளரின் பெயர், ஓர்டர் இலக்கம், தொகை எல்லாம் சரி. ஒரேயொரு மாற்றம். "எமது வங்கிக் கணக்கில் கணக்காய்வு நடப்பதால் மீதிப் பணத்தை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும். இன்று அனுப்பாவிட்டால் கொன்டெய்னர் இந்தக் கப்பலில் ஏறாது" என்று எழுதப்பட்டிருந்தது.

கடையில் இருந்தவர் என் மூத்த மகன். அவர் எனக்கு வட்ஸ்அப்பில் எழுதினார், போகவில்லை. இலங்கை இலக்கத்துக்கு அழைத்தார், சிம் பணப்பையில் கிடந்தது. சீன இலக்கத்தை நான் வீட்டில் கொடுத்திருந்தேனே தவிர கடையில் கொடுத்திருக்கவில்லை. சீன நேரம் எமது நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. எங்கள் வங்கி மூடும் நேரத்துக்குள் அங்கே மாலையாகி விடுகிறது. கொன்டெய்னர் நின்றுவிட்டால் வாப்பா கோபிப்பார் என்ற பயத்தில் அவர் வங்கிக்குப் போய்ப் பணத்தை அனுப்பிவிட்டார். 11,400 அமெரிக்க டொலர்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அதே விற்பனையாளரின் கடையில்! அந்தப் பெண் தந்த தேநீரைக் குடித்தபடி அடுத்த ஓர்டருக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். மகனின் ஒரு கோல் எனக்குக் கிடைத்திருந்தால், "உங்கள் கணக்கு மாறியிருக்கிறதா?" என்று நேருக்கு நேர் கேட்டிருப்பேன். ஒரு நிமிடக் கேள்வி.

இரவு ஹோட்டலில் இருந்து வீட்டுக்கு எடுத்தபோதுதான் விடயம் தெரிந்தது.

"பத்துத் தரம் அடிச்சேன் வாப்பா. நீங்க எடுக்கல்ல. நான் என்ன செய்ய?" என்றார் மகன்.

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் போனபோது அவர் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். கணக்கு மாறவேயில்லை. யாரோ எங்கள் இருவரில் ஒருவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, எல்லாவற்றையும் வாசித்து, சரியான நாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வங்கி மூலம் திரும்பப் பெற முயன்றோம். ஆனால் டி.டி. போய்ச் சேர்ந்து மறுபக்கம் பணத்தை எடுத்துவிட்டால் பிறகு அதை மீட்பது மிகவும் கடினம். எங்களுக்கும் கிடைக்கவில்லை.

அன்றிரவு நான் போட்ட கணக்கு இது. பத்து நாளைக்கு இலங்கை சிம்மில் ரோமிங் போட்டிருந்தால் சில ஆயிரம் ரூபாய் போயிருக்கும். அதை மிச்சம் பிடிக்கப் போய் 11,400 டொலரை இழந்தேன். மகன் மேல் பிழை சொல்ல முடியாது. பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தேடிப் பிடிக்கும் வழியை அடைத்துவிட்டுப் போனவன் நான்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். பயணத்தில் தொடர்பு என்பது வீட்டாரோடு கதைத்துச் சந்தோஷப்படும் விடயம் மட்டுமல்ல. அது வியாபாரத்தின் பூட்டும் திறப்பும். அதற்கான செலவைக் கப்பல் கூலியைப் போலவே கொள்முதல் செலவில் சேர்த்து எழுத வேண்டும். அதற்கான ஏற்பாட்டையும் விமானம் ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

எமது மூத்தவர்கள் இந்த விடயத்தில் எங்களை விடக் கவனமாக இருந்தார்கள். 1990களில் நான் தொழில் பழகிய காலத்தில் வெளிநாட்டுக் கோல் என்பது பெரிய செலவு. டுபாய் தேராவில் தொலைபேசி அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு பூத்துக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் எங்கள் முதலாளி புறப்படுவதற்கு முன், தான் எந்த ஹோட்டலில் தங்குகிறார், எந்த நாள் எத்தனை மணிக்கு எடுப்பார், ஹோட்டலின் பெக்ஸ் இலக்கம் என்ன என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் போவார். இன்று எங்கள் சட்டைப் பையிலேயே போன் இருக்கிறது. அந்தத் தாள்தான் இல்லாமல் போய்விட்டது.

எனது அனுபவத்தில் கண்ட சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இலங்கை சிம்மைக் கழற்றாதீர்கள். இரண்டு சிம் போடும் போன்கள் இன்று சாதாரண விலைக்குக் கிடைக்கின்றன. டேட்டா ரோமிங்கை நிறுத்திவிட்டு, சிம்மை மட்டும் உயிரோடு வைத்திருக்கலாம். வங்கிகள் பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்த அனுப்பும் இரகசிய இலக்கம் குறுந்தகவலாக அந்தச் சிம்முக்குத்தான் வரும். சிம் பணப்பையில் கிடந்தால் உங்கள் சொந்தப் பணத்தையே உங்களால் அசைக்க முடியாது. ரோமிங்கில் குறுந்தகவல் பெறுவதற்கு பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் வரும் கோலுக்குப் பதில் சொன்னால் கட்டணம் உண்டு. புறப்படுவதற்கு முன் உங்கள் கம்பனியிடம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாட்டுக்கு நாடு வழி வேறு. சீனாவில் உள்ளூர் சிம்மிலும் ஹோட்டல் வைபையிலும் வட்ஸ்அப் வேலை செய்யாது. ஆனால் இலங்கை சிம்மில் ரோமிங் டேட்டா போட்டால் சாதாரணமாக வேலை செய்யும். காரணம், அந்த டேட்டா உங்கள் சொந்தக் கம்பனியின் வலையமைப்பு வழியாகவே வெளியே போகிறது. அங்குள்ள வியாபாரிகள் எல்லோரும் இருப்பது வீசெட்டில். கடைக்காரப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் வீசெட் போட்டுப் பழக்கிவிட்டுப் போங்கள். புதிதாகப் பதிவு செய்யும்போது, ஏற்கனவே வீசெட் வைத்திருக்கும் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டி வரலாம். இதை அங்கே போய்ச் செய்யலாம் என்று விட்டால் சிக்கல். 2023 முதல் வெளிநாட்டு வங்கி அட்டைகளை அலிபேயிலும் வீசெட்டிலும் இணைப்பது இலகுவாகியிருக்கிறது. அதையும் ஊரிலேயே செய்துகொள்ளுங்கள்.

டுபாயில் நிலைமை வேறு. அங்கே வட்ஸ்அப்பில் எழுதலாம், ஆனால் கோல் எடுக்க முடியாது. அனுமதி பெற்ற செயலிகள் மூலமே இணையக் கோல் எடுக்க முடியும். நம்மவர்கள் சிலர் "வி.பி.என். போட்டால் சரி" என்று இலேசாகச் சொல்வார்கள். அந்நாட்டின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, குற்றமொன்றைச் செய்யவோ மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்தினால் தண்டப்பணம் ஐந்து இலட்சம் திர்ஹத்திலிருந்து இருபது இலட்சம் திர்ஹம் வரை. ஒரு கோலுக்காக இந்தச் சட்டத்தின் எல்லையைச் சோதித்துப் பார்ப்பது வியாபாரிக்கு அழகல்ல. போன நாட்டின் சட்டத்தை மதித்துச் சாதாரணக் கோலை எடுங்கள்.

மூன்றாவது, இணையத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இதை எங்கள் சமூகத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில் திகனவிலும் அதைச் சூழவுள்ள ஊர்களிலும் எமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் நாட்டில் முடக்கப்பட்டன. சுமார் ஒரு வாரம் அந்த நிலை நீடித்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின் போதும் அப்படியே நடந்தது. 2018இல் எனக்குத் தெரிந்த கண்டிப் பக்கத்து வியாபாரி ஒருவர் குவாங்சோவில் இருந்தார். கடை எரிந்ததா, பிள்ளைகள் எங்கே என்று தெரியாமல் அவர் துடித்தபோது அவருக்குக் கைகொடுத்தது சாதாரணத் தொலைபேசிக் கோல்தான். அதிலும் ஒரு சிக்கல். மனைவியின் இலக்கத்தைத் தவிர வேறு எந்த இலக்கமும் அவருக்குப் பாடமில்லை. ஆறு இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் செல்லும்?

நான்காவதுதான் முக்கியமானது. எந்தத் தீர்மானத்துக்கு உங்கள் வாய்ச் சொல் வேண்டும் என்பதைப் போவதற்கு முன் தீர்மானித்துவிட்டுப் போங்கள். சிலர் இதற்கு நேர்மாறாக இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு மணிக்கு நான்கு தரம் கடைக்கு எடுத்து, பத்து ரூபாய்க் கழிவுக்கும் அனுமதி கேட்க வைப்பார்கள். அது தொடர்பு அல்ல, தொந்தரவு. அன்றாட வியாபாரத்தைப் பிள்ளையிடம் முழுதாக விடுங்கள். ஒரேயொரு விடயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனது கடையில் இப்போது கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு வாசகம் எழுதி ஒட்டியிருக்கிறது: "கணக்கு இலக்கம் மாறினால் பணம் போகாது." கப்பல் போனாலும் சரி, விற்பனையாளர் கோபித்தாலும் சரி. ஏற்கனவே எங்களிடம் உள்ள பழைய இலக்கத்துக்கு எடுத்து, ஆளோடு பேசி, உறுதியான பின்பே பணம் போகும். வந்த மின்னஞ்சலில் உள்ள இலக்கத்துக்கு எடுப்பதில்லை, அதை எடுப்பவன் கள்ளனாகவே இருப்பான். இப்போது கணினியால் ஒருவரின் குரலையே போலியாகச் செய்ய முடிகிறது. ஆகவே எனக்கும் மகனுக்கும் இடையில் ஒரு சொல் இருக்கிறது. பெரிய தொகை பற்றிப் பேசினால் அந்தச் சொல்லை நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாப்பாவின் குரலே ஆனாலும் பணம் போகாது.

கடந்த வருடம் நான் மீண்டும் யீவு போனபோது, அதேபோல இன்னொரு மின்னஞ்சல் வேறொரு விற்பனையாளரின் பெயரில் வந்தது. மகன் எனக்கு எடுத்தார். ரோமிங் கோல், ஒன்றரை நிமிடம். அதற்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஊருக்கு வந்ததும் கொள்முதல் செலவுப் பக்கத்தில், கப்பல் கூலிக்கு அடுத்த வரியில், "தொலைபேசி" என்று மகனே எழுதியிருந்தார்.