காய்ச்சல் நிறுத்திய ஆட்டம்: நஷ்டம் யாருக்கு?



நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல. கல்லூரியில் இடம், கிரேஸ் மார்க், நாளைக்கு ரயில்வேயில் ஒரு வேலை என்று பல கதவுகளை விளையாட்டுச் சான்றிதழ் திறக்கிறது. ஆகவே நோய் பரவி ஒரு போட்டி நின்றால் அது நம் கவலையும்தான்.

நிறுத்துவதை நான் குறை சொல்லவில்லை. உயிரைவிடக் கோப்பை பெரிதல்ல. நிறுத்திய பிறகு நஷ்டத்தை யார் சுமப்பது என்பதே என் கேள்வி.

கொரோனா காலத்தைப் பாருங்கள். ஐ.பி.எல். 2021 மே 4 அன்று பாதியில் நின்றது. செப்டம்பரில் அரபு நாட்டில் மீதியைத் தொடங்கி அக்டோபரில் ஆடி முடித்தார்கள். பணம் இருந்தது, வழி பிறந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு? கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி 2020 பிப்ரவரியில் புவனேசுவரத்தில் முதன்முறையாகத் தொடங்கியது. அடுத்தது பெங்களூரில், 2022 ஏப்ரலில்தான். மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாண்டு இப்படிப் போனால் மிச்சம் என்ன? நம் கேரளத்தில் 2021-இல், போட்டிகள் நடக்காததைக் காரணம் காட்டி, பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கிரேஸ் மார்க் இல்லை என்று அரசு முடிவு செய்தது. முந்தைய ஆண்டுகளில் பிள்ளைகள் பட்ட பாடும் அதோடு போயிற்று.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 2020 மார்ச் 30 அன்று வசந்தகால வீரர்களுக்கு இன்னும் ஓராண்டு ஆட உரிமை தந்தது. போன ஆண்டு கணக்கில் சேரவில்லை. இதுவல்லவா நியாயம்! அங்கும் குறை இல்லாமல் இல்லை. 2021 ஜூனில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்கு இறுதிச் சுற்றுக்குள் நுழைய ஒரு வெற்றியே பாக்கி. தொற்றினால் 13 பேரோடு ஆடித் தோற்றது. மறுநாள் ஆட்டத்தையே ரத்து செய்து எதிரணியை இறுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொரோனா போய்விட்டதே என்று இருந்துவிட முடியாது. 2024-இல் கேரளத்தில் பொன்னுக்குவீங்கி பரவியது. கன்னம் வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பே அது மற்றவருக்குத் தொற்றும். "காய்ச்சல் என்றால் அணியில் இடம் போய்விடும்" என்று பிள்ளை பயந்தால் என்ன செய்யும்? மாத்திரையை விழுங்கிவிட்டு மைதானத்துக்குப் போகும். விதி நோயாளியைத் தண்டித்தால் நோய் ஒளிந்துகொள்ளும். ஒருவன் மறைத்தது விடுதி முழுக்கப் பரவும்.

கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரே வீட்டில் தங்கை தனுவச்சபுரத்திலும் அண்ணன் மார்த்தாண்டத்திலும் படிக்கலாம். அவள் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ், இவன் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ். இரண்டிடமும் நாம் கேட்கவேண்டியவை மூன்று. ஒன்று, நோயால் விலகியவனின் இடம் அவனுக்கே திரும்பக் கிடைக்கவேண்டும். இரண்டு, தள்ளிவைத்த ஆட்டத்துக்கு மாற்று நாள் அட்டவணையிலேயே இருக்கவேண்டும். மூன்று, போட்டியே நடக்காவிட்டால் முந்தைய ஆண்டின் தகுதியை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொண்டு, வயது வரம்பையும் ஓராண்டு தளர்த்தவேண்டும். இவை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்கவேண்டும்.

நம் சங்கம் இதை மனுவாக எழுதி இரு பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பலாம் என்பது என் யோசனை. பெற்றோர்களே, அதுவரை காய்ச்சலோடு பிள்ளையை ஆட அனுப்பாதீர்கள். உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.