விளையாட்டும் வினையும்

“விளையாட்டு வினையாகும்” என்பது நம் பழமொழி. காலத்தை வீணே கழிக்கும் இளைஞரைக் கடிந்துகொள்ளும் பெரியோர் இதனை எடுத்தாளுவது வழக்கம். ஆயின், ‘வினை’ என்னுஞ் சொல்லுக்குத் தீங்கு என்னும் பொருளேயன்றிச் செயல் என்னும் பொருளும் உண்டென்பதைத் தமிழ் கற்றார் அறிவர். விளையாட்டொன்று மெய்யாகவே நற்செயலாய் முற்றிய வரலாற்றைக் கூறி, அதனின்று மாணவர்க்குப் பெறப்படும் படிப்பினையைப்பற்றி நம் கருத்தை வெளியிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நாளில் மாணவர் சிலர், ஐம்பதாண்டுகட்கு முன் வழங்கிய முறையில், சில்லுகளையும் கம்பிகளையும் ஒரு பலகைமேல் தாமே இணைத்துக் கணிப்பொறி அமைக்கின்றனர். அமைத்தபின், அதில் பழைய ஆட்டமொன்றை ஓடச்செய்யும்பொருட்டு மாதக்கணக்காய் உழைக்கின்றனர். காண்போர் நகைக்கின்றனர். “சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் நொடிப்பொழுதிற் கிடைக்கும் ஆட்டத்திற்கு இத்துணைப் பாடு எதற்கு?” என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே, விடையும் நியாயமாய் அமைதல் வேண்டும்.

1976ஆம் ஆண்டில் அட்டாரி என்னும் அமெரிக்க நிறுவனம் ‘பிரேக்அவுட்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. திரையின் மேற்பகுதியில் ஒரு செங்கற்சுவர். கீழே ஒரு மட்டை. இடையே ஒரு பந்து. பந்து பட்ட கல் மறையும். பந்தைத் தவறவிட்டால் வாய்ப்பொன்று போம். அவ்வாட்டப் பெட்டியினுள் செயலியும் இல்லை, நிரலும் இல்லை. ஆட்டத்தின் விதிகள் யாவும் மின்சுற்றுக்களாகவே பின்னப்பட்டிருந்தன. ஆதலின், ஒரு விதியை மாற்ற விரும்புவோன் கம்பியையே மாற்றல் வேண்டும். இவ்வாட்டத்திற்குரிய சுற்று வரைவொன்றை 1975இல் அமைத்தவர் ஸ்டீவ் வோஸ்னியாக் என்பார்.

அவரே, கலிபோர்னியாவில் 1975 மார்ச்சு மாதம் தோன்றிய ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்னும் ஆர்வலர் கழகத்தில் பழகி, 6502 என்னும் மலிவான செயலியைக் கொண்டு ஒரு கணிப்பொறி செய்தார். 1976இல் ஆப்பிள் 1 என்று விலைக்கு வந்தது அதுவே. அஃது எழுத்துக்களை மட்டுமே காட்டவல்லது. வரிக்கு 40 எழுத்தாக 24 வரிகள். அவற்றையும் விநாடிக்கு 60 எழுத்துக்கு மேல் எழுதமாட்டாது. அத்திரையில் படிக்கலாம், பந்தை ஓடவிடல் இயலாது.

அங்ஙனமிருக்க, கம்பியினாற் செய்த பிரேக்அவுட் ஆட்டத்தை நிரலினாற் செய்துகாட்ட வேண்டும் என்னும் ஆசை அவருக்குப் பிறந்தது. கல்லுக்கு நிறம் வேண்டும். ஆதலின், குறுக்கே 40, நெடுக்கே 48 கட்டங்கள் கொண்ட வண்ணத்திரை பிறந்தது. மட்டையை நகர்த்தத் திருகு வேண்டும். அத்திருகு ஒரு மின்தடையை மாற்ற, அதற்கேற்ப மின்தேக்கியொன்று விரைந்தோ மெல்லவோ நிரம்பும். நிரம்பும் வரை செயலி எண்ணிக்கொண்டிருந்து, 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக மட்டையின் இடத்தை அறியும். பந்து மோதினால் ஒலி வேண்டும். நினைவகத்தின் குறித்த ஒரு முகவரியை நிரல் தொடுந்தோறும் ஒலிபெருக்கியின் தகடு ஒருமுறை அசையுமாறு செய்தார். இசைக்கெனத் தனிச்சில்லு ஒன்றும் இல்லை. தொடுதலின் இடைவெளியே சுருதியாயிற்று. எளிதில் எழுதத்தக்க மொழி வேண்டும்; தாமே எழுதிய பேசிக் மொழியில் நிறமிடவும் கோடிடவும் கட்டளைகளைச் சேர்த்தார். இவையனைத்தும் 1977இல் ஆப்பிள் 2 என்ற உருவில் உலகுக்குக் கிடைத்தன. அப்பொறியின் சிறப்பியல்புகள் பல அவ்வாட்டத்தின்பொருட்டே புகுந்தன என்று அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். ஆட்டத்தின்பொருட்டு உருவான அப்பொறியிலேயே, 1979இல், வணிகர்க்குப் பெரிதும் பயன்பட்ட ‘விசிகால்க்’ என்னும் கணக்கேட்டு நிரலும் வெளிவந்தது. விளையாட்டு வினையாயிற்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாதுளது?

இனி நம் காலத்து மாணவனைக் காண்போம். 6502இன் வழிவந்த செயலி இன்றும் செய்யப்படுகின்றது. அதனைப் பலகையில் இருத்தி, விநாடிக்கு 10,00,000 துடிப்பு அளித்து, பந்தாட்டம் ஒன்றை அவன் எழுதத் தொடங்குகின்றான். திரையோ விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. ஆகவே, ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே அவனுக்குள்ள துடிப்புக்கள் 16,666 மாத்திரமே. ஒரு கட்டளைக்கு 2 முதல் 7 துடிப்புக்கள் செலவாதலின், ஏறக்குறைய 4,000 கட்டளைகளுக்குள் பந்தை நகர்த்தி, மோதலைச் சோதித்து, கல்லை நீக்கி, புள்ளியையும் கூட்டிவிடல் வேண்டும். அச்செயலிக்குப் பெருக்கற் கட்டளையும் இல்லை. வரிசைக்கு 40 கட்டங்கள் கொண்ட திரையில் ஓரிடத்தைக் கண்டறிய 40ஆற் பெருக்கல் வேண்டுமே! நாற்பதென்பது முப்பத்திரண்டும் எட்டும் என்பதை அவன் நினைவுகூர்கின்றான். எண்ணை மும்முறை இடம் பெயர்த்து எட்டு மடங்காகவும், பின்னும் இருமுறை பெயர்த்து முப்பத்திரண்டு மடங்காகவும் ஆக்கி, இரண்டையும் கூட்டுகின்றான். இரும எண்முறை தேர்வுக்கென மனப்பாடஞ் செய்த பாடமாயிராமல் அவன் கைக்கருவியாகிவிட்ட கணம் அதுவே.

நாம் வற்புறுத்த விரும்புவதும் இதுவே. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனைகளுட் பல, முடிவு முன்னரே அறியப்பட்டவை. விடை பிழைத்தால் அடுத்தவன் ஏட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வாரும் உளர். பந்தை அங்ஙனம் ஏய்த்தல் இயலாது. கணக்குப் பிழைத்தால் அது சுவரை ஊடுருவிப்போம். காலம் பிழைத்தால் திரை நடுங்கும். இணைப்புத் தளர்ந்தால் ஒன்றுமே தோன்றாது. இத்துணை நேர்மையான தேர்வாளர் எப்பல்கலைக்கழகத்திலும் இலர். கைப்பேசி தருவது ஆட்டம். பலகை தருவது அறிவு. நகைப்போர் வினாவிற்கு நம் விடை இதுதான்.

இதனால், பாடங்களைப் புறக்கணித்து இரவெல்லாம் கம்பியோடு போராடுக என்று நாம் கூறினோமல்லோம். பிறர் எழுதிய நிரலை அப்படியே பெயர்த்துவைத்து, ஆட்டம் ஓடிற்று என்று மகிழ்வானும் கைப்பேசியில் ஆடுவானும் ஒருநிகரே. ஒருவன் தானே எழுதிய நிரலில் தானே செய்த பிழையைத் தானே கண்டு திருத்துவதன்றோ கல்வி!

கல்லூரிகள் இதன்பொருட்டுப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. ஒரு மேசை, ஒரு பற்றவைப்புக் கோல், சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், தோற்றவனை இகழாத ஆசிரியர் ஒருவர்: இவை போதும். மதிப்பெண் பெறாத உழைப்பு வீணுழைப்பு என்னும் எண்ணம் நம்மிடை நிலவுமளவும், பிறர் செய்த பொறிகளை வாங்கிப் பயன்படுத்துவோராகவே நாம் இருப்போம். ஆதலின் பெரியீர், பலகையின்முன் குனிந்திருக்கும் இளைஞனைக் காணின், பழமொழியைக் கூறுக. ஆனால் அதன் இரண்டாம் பொருளைக் கருதிக் கூறுக.